இரு சீட்டுகள்

துப்பறியும் நாவல் என்றதும் முகஞ்சுளிக்கும் அன்பர் சிலர் நம்மிடையே உளர். பொழுதைப் போக்கும் பண்டமேயன்றி அதில் வேறு என்ன இருக்கிறதென்பது அவர்கள் கேள்வி. அன்னார் ஜேன் ஹார்ப்பர் அம்மையாரின் 'தி டிரை' என்னும் ஆங்கில நாவலைப் படித்துப் பார்ப்பாராக. வறட்சி என்பது அப்பெயரின் பொருள். மான்செஸ்டரில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பத்திரிகைத் தொழில் புரிந்த அம்மையாருக்கு இதுவே முதல் நூல். கையெழுத்துப் படியாயிருந்தபொழுதே 2015-இல் விக்டோரியா மாநிலப் பரிசு பெற்று, 2016-இல் அச்சேறியது.

கீவாரா என்பது கற்பனைக் கிராமம். மழை பொய்த்து, ஆறு வற்றி, கடனில் மூழ்கிய குடியானவர் ஊர். அங்கே லூக் ஹாட்லர் என்பவன் மனைவியையும் சிறு மகனையும் சுட்டுக் கொன்று தானும் மாண்டான் என ஊரார் முடிவு கட்டிவிட்டனர். கைக்குழந்தை மட்டும் தப்பியது. இழவுக்கு வருகிறான் இளமைத் தோழன் ஆரன் ஃபாக். மெல்பர்னில் பண மோசடிகளைத் துருவும் போலீஸ் உத்தியோகம் அவனுடையது. இருபதாண்டுகட்கு முன் எல்லி என்னும் பெண் ஆற்றில் பிணமாய் மிதந்தாள். ஒரு சீட்டில் 'ஃபாக்' என்ற பெயர் கண்டது. அது போதாதா? தகப்பனையும் மகனையும் ஊர் துரத்தியடித்தது.

முடிவை இப்பொழுதே அறிய விரும்பாதோர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்க. அதைச் சொல்லாமல் இந்நூலின் சிறப்பைச் சொல்ல எமக்கு வழி தெரியவில்லை.

லூக்கின் மனைவி கேரன் பள்ளிக்கூடத்துக் கணக்குகளைப் பார்த்து வந்தவள். அவள் விட்டுச்சென்ற துண்டுச் சீட்டில் 'கிராண்ட்' என்ற சொல் காணப்படுகிறது. அப்பெயருடைய முரடன் ஒருவன் ஊரில் இருக்கிறான். எல்லாரும் அவன்மேற் பாய்கின்றனர். ஆனால், ஆங்கிலத்தில் மானியத் தொகைக்கும் அதுவே சொல்! பள்ளிக்கு வந்த மானியத்தைச் சூதாடித் தொலைத்த தலைமையாசிரியனே கொலைகாரன். கணக்கில் ஓட்டையைக் கண்டுபிடித்த கேரனைத் தீர்க்கவே வந்தான். லூக்கின் மரணம் பழியைச் சுமத்துவதற்கான சூழ்ச்சி. இவ்வளவு காலமும் ஊரும் போலீசும், ஏன், நூலைப் படிக்கும் நாமும், லூக்கின் கடனையும் குணத்தையுமே தோண்டிக்கொண்டிருந்தோம். மனைவி கணவனோடு சேர்ந்து செத்தவள். அவ்வளவே நம் எண்ணம். அவளுக்கென ஓர் அலுவல், ஓர் அறிவு, அதனால் வந்த ஓர் ஆபத்து இருக்கலாமென எவருக்குந் தோன்றவில்லை.

எல்லியின் கதையும் இதுவே. எந்தப் பையன் கொன்றான் எனக் கேட்டார்களேயன்றி, அவள் வாழ்ந்த வீட்டிற்குள் எட்டிப் பார்த்தாரில்லை. கொடுமை செய்தவனும் கொன்றவனும் பெற்ற தகப்பன்! அவனே மற்றவர்மேல் விரல் நீட்டி நின்றான்.

குறைகள் இல்லாமலில்லை. ஃபாக் அறிந்திருக்கவே முடியாத பழைய நிகழ்ச்சிகளை ஆசிரியை சாய்வெழுத்தில் வாசகர் காதில் மட்டும் ஓதிவிடுகிறார். துப்பறியும் கதையில் இது நேர்மையான ஆட்டமன்று. மேலும், கேரன் உயிரோடு நம்முன் நடமாடும் பக்கங்கள் மிகச் சில. ஊர் மறந்தவளை ஆசிரியையும் பாதி மறந்துவிட்டாரோ என்று எமக்கு மனத்தாங்கல்.

எல்லியின் விஷயத்தில் அப்படியில்லை. அவளுடைய பையும் நாட்குறிப்பும் இருபதாண்டுக் காலம் பாறையிடுக்கிலே கிடக்கின்றன. சிறுவயதில் அவர்கள் கூடிக் குலாவிய இடம். ஊரிலிருந்து நடந்துபோகும் தூரம். நூலின் இறுதியிலேதான் ஃபாக் அங்கே கைவிட்டுத் துழாவுகிறான்.