ஓரம் வெட்டிய காசும் சேகரிப்பின் குறைநிறையும்

பழங்காசு சேகரிப்போரிடையே முழுமையான காசுக்கே மதிப்பு அதிகம். அரசனின் தலையும் எழுத்தும் தேயாத காசு பேழைக்குள் போக, ஓரம் கத்தரிக்கப்பட்டதும் உளியால் கீறப்பட்டதும் உலோக எடைக்கே விலைபோவது நெடுங்கால வழக்கம். ஆனால் அக்கசாலையை, அதாவது நாணயம் அடிக்கும் கூடத்தை, விட்டு வெளியேறிய பின் ஒரு காசு எவ்வாறு நடத்தப்பட்டது என்பதை அறிவிப்பவை இந்த வெட்டுகளே.

தென்சென்னைக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. 1931-ஆம் ஆண்டில், அன்று சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த மாம்பலத்தில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் ஏறக்குறைய 770 வெள்ளி முத்திரைக் காசுகளுடன் உரோமப் பேரரசன் அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்றும் இருந்தது. முத்திரைக் காசு என்பது வெள்ளித் தகட்டைத் துண்டுகளாக்கி, நிர்ணயித்த எடை வரும்வரை மூலைகளைக் கத்தரித்து, பின்னர்ச் சின்னங்களைக் குத்தி வெளியிட்டதாகும். ஆகவே அங்கே வெட்டு மோசடி அன்று, எடை சரியென்பதற்கான உறுதி. கூட வந்த ஒற்றை உரோமக் காசு, அந்தப் புதையல் அகஸ்டஸ் காலத்துக்கு முன் புதைக்கப்பட்டிருக்க முடியாது என்பதைக் காட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு கைகளுக்குப் போயிருந்தால் இந்த முடிவுக்கு வழியே இல்லை.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகள் இதைவிட வலிய சான்று. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் பேரரசனின் தலைமீது உளிவெட்டு விழுந்திருக்கிறது. தேய்ந்து எடை குறைந்த காசுகளை மீண்டும் புழக்கத்தில் விடாதிருக்க வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். அயல் அரசனின் உருவத்தை மறுத்தார்கள் என்பது மற்றொன்று. வெறும் தங்கச் சோதனை எனில் தலையையே குறிவைத்து வெட்டியிருக்கத் தேவையில்லை என்பதால், முன்னிரண்டில் ஒன்றை ஏற்பதே பொருத்தம். எதை ஏற்றாலும், விவாதத்துக்கு அடிப்படை அந்த எண்ணிக்கைதான். வெட்டுப்பட்ட ஒரே காசு ஒருவரின் சேகரிப்பில் தனித்திருந்தால், அது பழுதான காசு என்பதற்கு மேல் எதையும் சொல்லாது.

கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு உரோமப் பேரரசான பைசாந்தியத்தின் இடைக்காலக் காசுகளுக்கும் இது பொருந்தும். முதலாம் அலெக்சியோஸ் 1092-இல் நாணய முறையைச் சீரமைத்தபோது கிண்ணம்போல் குழிந்த காசுகள் நிலைபெற்றன. வெள்ளி மிகக் குறைந்த செப்புக் கலவையில் அடித்த அவ்வகைக் காசுகள் பல பிற்காலத்தில் வட்டமாக, சீராகக் கத்தரிக்கப்பட்டன. எழுத்து இருந்த விளிம்பு போனதால் பேரரசனின் பெயரும் போயிற்று. அவற்றின் காலத்தை எடையும் உடன்கிடைத்த காசுகளுமே சொல்ல வேண்டும். அந்தத் தகவலின்றிச் சந்தையில் மலிவாகக் கைமாறும்போது இவை இழப்பது, முழுக் காசு இழப்பதைவிடப் பெரிது.

இதனால் தனியார் சேகரிப்பே தீங்கு என்று தீர்ப்பளிப்பது நியாயமாகாது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த, சிறியனவும் தேய்ந்தனவுமான பிற்கால உரோமச் செப்புக் காசுகளை ஆர்வலர்கள் வாங்கிக் காத்திராவிட்டால், அவற்றில் பெரும்பகுதி செப்போடு செப்பாக உருகியிருக்கும். கரூர், மதுரைப் பகுதிகளில் கிடைத்த இவ்வகைக் காசுகளை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் நூலாக வெளியிட்டார்; கிடைத்த ஊரின் பெயரோடு காசுகள் தொகுக்கப்பட்டதே அந்நூலின் வலிமை. எழும்பூர் அருங்காட்சியகம் இவ்வளவு சிறுகாசுகளைத் தானாகத் தேடிச் சேர்த்திருக்கும் என எதிர்பார்க்கவும் இயலாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மண்ணில் கிடைத்த புதையலை அறிவிக்கச் சொல்லும் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அஞ்சி, விற்பவர் கிடைத்த இடத்தை மறைக்கிறார், வாங்குபவரும் கேட்பதில்லை. பளபளப்புக்காக அமிலத்தில் கழுவும் பழக்கமோ வெட்டு பழையதா புதியதா என்று காட்டும் களிம்பையே அழித்துவிடுகிறது. இவ்விரண்டையும் செய்பவர் எவ்வளவு காசு சேர்த்தாலும் வரலாற்றுக்கு உதவியவர் ஆகார்.

தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் அடித்தளம் தோண்டும்போது பழங்காசு தென்பட்டால், கழுவாமல், பிரிக்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.