நினைவிலுள்ள கிராமமும் சமூகவியல் மாணவரும்

பல்கலைக்கழகத்திற் சமூகவியல் கற்கப் புகும் மாணவர் முதலிற் கேட்கும் வினாக்களுள் ஒன்று, அத்துறைக்கும் மானிடவியலுக்கும் உள்ள வேறுபாடு யாது என்பதாகும். பாடநூல்கள் தரும் விடை எளிது. தொழிற்புரட்சியாலும் நகர வளர்ச்சியாலும் மாறிய ஐரோப்பியச் சமூகத்தைத் தன் பொருளாகக் கொண்டு சமூகவியல் தோன்றியது. கடல் கடந்த நாடுகளில் எழுத்தறியாது வாழ்ந்த சிறு குழுக்களைத் தன் பொருளாகக் கொண்டு மானிடவியல் வளர்ந்தது. முன்னது வினாக்கொத்தையும் புள்ளிவிவரத்தையும் பெரிதும் நம்பிற்று. பின்னது மக்களோடு உடனுறைந்து, அவர்தம் மொழியைப் பயின்று, கண்டும் கேட்டும் அறிவதை நம்பிற்று. 1915ஆம் ஆண்டுக்கும் 1918ஆம் ஆண்டுக்கும் இடையில் துறோபிரியாந்துத் தீவுகளில் இருமுறை தங்கிய மலினோவ்ஸ்கி இம்முறைக்கு வழிகாட்டியாகக் கருதப்படுகின்றார். சுருங்கக் கூறின், ஐரோப்பியர் தம்மைப் பற்றி அறிய முயன்றது சமூகவியலாயிற்று. பிறரைப் பற்றி அறிய முயன்றது மானிடவியலாயிற்று.

இப்பாகுபாடு ஐரோப்பாவுக்குப் பொருந்தியிருக்கலாம். ஆயின் மைசூரிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த ஒரு மாணவர் தம் பாட்டனாரின் ஊரை ஆராயப் புகுந்தால், அவர் செய்வது எவ்வியல்? ஊர் அவருடையது; ஆகவே அது சமூகவியல். அவர் கற்ற முறையோ பிறரை ஆராய்வதற்கென அமைந்தது. ஆகவே அது மானிடவியல். பெயர் பற்றிய வழக்காக மட்டும் இதனைக் கருதிவிடல் தகாது. தம்மவரைத் தாமே ஆராய்பவர் உண்மையைக் காணவல்லரா என்னும் பெருவினா இதனுள் அடங்கியுள்ளது. அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்ட அறிஞர் எம். என். சீனிவாஸ் (1916–1999). 1976ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்டதும், 'நினைவிலுள்ள கிராமம்' எனத் தமிழிற் கூறத்தக்க பெயருடையதுமான நூல், இவ்விரு துறைகளையும் கற்போர் அனைவரும் ஆய்ந்து நோக்கத்தக்கது.

சீனிவாஸ் மைசூர் நகரில் ஒரு பிராமணக் குடும்பத்திற் பிறந்தவர். மைசூரில் இளங்கலைப் பட்டம் பெற்றபின், பம்பாயிற் பேராசிரியர் குர்யேயிடம் சமூகவியல் கற்றார். பின்னர் 1945ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டு சென்று இராட்கிளிவ் பிறவுண், எவான்ஸ் பிறிச்சர்டு ஆகிய மானிடவியலறிஞர்பாற் பயின்றார். குடகு நாட்டு மக்களின் சமயமும் சமூகமும் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1952ஆம் ஆண்டில் நூலாயிற்று. தாழ்ந்ததெனக் கருதப்பட்ட சாதியொன்று உயர்ந்ததெனக் கருதப்பட்டதன் ஊணையும் சடங்கையும் நோன்பையும் மேற்கொண்டு தன் நிலையை உயர்த்த முயலும் போக்கிற்கு, 'சமஸ்கிருதமயமாதல்' என்னும் பெயரை அந்நூலிலேயே அவர் வழங்கினார். பிற்காலத்திற் பரோடாவிலும் 1959ஆம் ஆண்டு முதல் டெல்லியிலும் சமூகவியற்றுறைகளை நிறுவியபொழுது, மானிடவியலின் களஆய்வு முறையையே சமூகவியற் பயிற்சியின் நடுவண் வைத்தார். தம் நாட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே என்பது அவர் கொள்கை.

இக்கொள்கைக்கு உரம் ஊட்டிய களம், மைசூருக்கு அண்மையிலுள்ள ஒரு நெற்செய்கைக் கிராமம். 'இராம்புரம்' என்னும் புனைபெயரால் அதனை அவர் குறிக்கின்றார். 1948ஆம் ஆண்டின் பெரும்பகுதியை அவர் அங்குக் கழித்தார். ஏறக்குறைய 1,500 மக்கள் வாழ்ந்த அவ்வூரில் ஒக்கலிகர் என்னும் உழவர் சாதியினரே நிலத்தாலும் தொகையாலும் மேலோங்கியிருந்தனர். சடங்கு நெறியில் மேலாக மதிக்கப்பட்ட பிராமணரும் அன்றாட அலுவல்களில் உழவர் தலைவர்களையே நாடினர். ஏடுகள் கூறும் நால்வருண ஒழுங்கு வேறு, ஊரில் இயங்கும் சாதி வேறு என்பதை அவர் இங்குக் கண்டார். 1959ஆம் ஆண்டிற் கட்டுரையொன்றில் விரித்துரைத்த 'ஆதிக்க சாதி' என்னும் கருத்து இக்களத்தின் விளைவேயாகும். நூல்வழி நோக்கினைக் களவழி நோக்கினாற் சோதித்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது வெறும் அறிவுரையன்று, பட்டறிவின் பயன்.

நூல் பிறந்த வரலாறு வியப்புக்குரியது. 1970ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள், அமெரிக்காவின் ஸ்டான்போர்டிலுள்ள ஆய்வு நிலையத்தில் அவர் தங்கியிருந்த காலை, கலகக்காரர் அந்நிலையத்துக்குத் தீ வைத்தனர். பல்லாண்டு முயன்று வகைப்படுத்திய களக் குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்தன. மானிடவியலறிஞர் சோல் தாக்ஸ், நினைவைக்கொண்டே எழுதுமாறு ஊக்கினார். அவ்வாறு எழுந்ததே இந்நூல்.

இதன் தலையாய சிறப்பு, ஊரை விதிகளின் தொகுதியாகக் காட்டாது மனிதரின் கூட்டமாகக் காட்டுவதாகும். ஊர்த்தலைவர், நாடு கவுடர், ஆசிரியருக்குத் துணையாயிருந்த குள்ளே கவுடர் என்னும் மூவரைப் பற்றிய சித்திரம் ஒரு நாவலாசிரியரும் விரும்பத்தக்கது. கடன், நட்பு, பகை, புறங்கூறல், மானம், உழவின் பருவங்கள் ஆகியன அட்டவணைகளில் அடங்காத தெளிவுடன் வெளிப்படுகின்றன. சாதியொழுங்கு பற்றி வகுப்பறையிற் கற்ற மாணவர், ஒரு வாய்க்கால் நீரோ ஒரு விருந்தழைப்போ அவ்வொழுங்கை நாள்தோறும் எவ்வாறு புதுப்பிக்கின்றது என்பதை இத்தகைய நூல்களினாலேயே உணர்வர்.

எனினும் இந்நூலின் குறையும் அதன் நிறை தோன்றிய இடத்திலேயே தோன்றுகின்றது. ஆசிரியர் குடியிருந்தது ஊர்த்தலைவருக்குரிய, எருதுகள் கட்டும் மனையொன்றில். தலைவரின் விருந்தினர் என்ற நிலையில் அவருக்குப் பல கதவுகள் திறந்தன. அக்காரணத்தாலேயே வேறு பல கதவுகள் முற்றத் திறக்கவில்லை. நீராடிய பின் முகச்சவரம் செய்துகொண்டமைக்காக அவர் ஒருகாற் கண்டிக்கப்பட்டார். பிராமணர் இவ்வாறுதான் ஒழுக வேண்டும் என ஊரார் எதிர்பார்த்தனர். ஆராய்ச்சியாளர் தம் பிறப்பை மறக்க எண்ணினும் ஊர் மறக்கவில்லை. தீண்டாதார் எனத் தள்ளிவைக்கப்பட்டோர் அவ்வூரைப் பற்றி என்ன எண்ணினர் என்பதை இந்நூலிற் போதிய அளவு காண்டல் அரிது. மகளிர் உலகும் பெரும்பாலும் ஆடவர் வாய்மொழியாகவே வருகின்றது. இவ்வெல்லைகளை ஆசிரியர் மறைக்கவில்லை. தாமே எடுத்துக் கூறுகின்றார். ஆயின் குறையை ஒப்புக்கொள்வது அதனை நிறைவு செய்வதாகாது. உழைப்போரையும் உழைப்பிப்போரையும் பிணைக்கும் உறவு, மேலிருந்து நோக்குவார்க்கு ஆதரவாகத் தோன்றும்; கீழிருந்து நோக்குவார்க்கு வேறாகத் தோன்றலாம்.

இத்தகைய ஐயத்தை எட்மண்ட் லீச் 1960களின் தொடக்கத்திலேயே எழுப்பினார். சமஸ்கிருதமயமாதல் என்னும் கருத்துப் பிராமணர் நோக்கிற் பிறந்தது என்றும், சீனிவாஸ் வேறு சாதியிற் பிறந்திருப்பின் அவர் விளக்கம் வேறுபட்டிருக்கும் என்றும் அவர் கருதினார். அக்கண்டனத்திற் பாதி உண்மை உண்டு. மறுபாதி அவருக்கே திரும்பும். இலங்கையின் வடமத்திய மாகாணத்துப் புல்எலிய என்னும் குளக்கிராமத்தை 1954ஆம் ஆண்டில் ஆராய்ந்து, 1961ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர் லீச். உறவுமுறை என்பது நிலவுடைமையைப் பற்றிப் பேசும் ஒரு வழியே என்னும் அவர் முடிபு, நிலப் பதிவேடுகளில் ஆழ்ந்த வெளியார் ஒருவரின் நோக்கன்றோ? உள்ளூரார்க்கு ஓரிடம் உண்டெனின் வெளியார்க்கும் ஓரிடம் உண்டு. இடமின்றி நிற்பார் எவருமிலர்.

நினைவைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். இந்நூலைக் காட்டி, களக்குறிப்பு இன்றியும் நல்லாய்வு செய்யலாம் என மாணவர் எவரேனும் கருதுவராயின் அது பெரும்பிழை. எரிந்த குறிப்புகளைச் சீனிவாஸ் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயின்றவர். அவற்றினின்று பல கட்டுரைகள் எழுதியவர். எழுதி எழுதிப் பதிந்த நினைவு அது. அவ்வாறிருந்தும், நினைவு இனியவற்றை முன்னிறுத்தி இன்னாதவற்றைப் பின்னே தள்ளும் இயல்பினது. நூல் முழுவதும் பரவிய கனிவில் அவ்வியல்பின் சாயலும் உண்டு.

தம் நாட்டைத் தாமே ஆராய்வதில் வேறோர் இடரும் உண்டு என்பதற்கு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு சான்று. பேராதனையிற் சமூகவியல் விரிவுரையாளராயிருந்த எஸ். ஜே. தம்பையா, 1956ஆம் ஆண்டிற் சிங்கள, தமிழ் மாணவர் குழுவொன்றுடன் கல்லோயாக் குடியேற்றத்தை ஆராய்ந்தபொழுது, அங்கே இனக்கலவரம் மூண்டது. ஆராய்வோரே ஆராயப்படும் பிளவின் இரு புறத்தாராயினர். பின்னர் அவர் தாய்லாந்துக் கிராமமொன்றை ஆராய்ந்து புகழ் பெற்றார். எனினும் 1986ஆம் ஆண்டில் இலங்கையின் இனப் பகைமை பற்றிய நூலுடன் தம் நாட்டு வினாவுக்கே மீண்டார்.

ஆகவே சமூகவியலா மானிடவியலா என்னும் வினாவினும், ஆராய்பவர் எங்கு நின்று காண்கின்றார் என்னும் வினாவே முதன்மையுடையது. முறையைப் பல்கலைக்கழகம் கற்பிக்கும். நிற்குமிடத்தை அது மாற்றித் தராது. எவர் வீட்டில் தங்கினேன், எவர் வீட்டுக்குச் செல்லவில்லை என்பதைத் தம் குறிப்பேட்டின் முதற் பக்கத்திலேயே எழுதிவைக்கும் மாணவர், சீனிவாஸ் விட்ட இடத்திலிருந்து தொடங்குபவராவர். அவ்வாறு தொடங்குவோர்க்கு இந்நூல் நல்லாசிரியர். இதனைக் குறையற்றதென வழிபடுவோர்க்கு அன்று.