‘பராசக்தி’: புகழும் மறுவிசாரணையும்

சில காலத்துக்கு முன்னர் பாடசாலை மண்டபமொன்றில் ‘பராசக்தி’ திரையிடப்பட்டபோது நாமும் அங்கிருந்தோம். முன்வரிசைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பின்வரிசைகளில் உயர்தர வகுப்பு மாணாக்கர். நீதிமன்றக் காட்சி வந்ததும், முன்வரிசையினர் சிலர் குணசேகரன் பேசவிருந்த வசனங்களை அவனுக்கு முன்னதாகவே வாய்க்குள் சொல்லலாயினர். பின்வரிசையில் முதலிற் சிரிப்பெழுந்தது; பின்னர் அதுவும் அடங்கிற்று. படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்: “கல்யாணி அந்த நீதிபதியின் தங்கையாக இல்லாதிருந்தால் அவளுக்கு என்ன நடந்திருக்கும், சேர்?”

“அது அந்தக் காலத்துப் படம், பிள்ளை. அப்படித்தான் இருக்கும்” என்றார் பெரியவர் ஒருவர். கூட்டம் கலைந்தது. ஆயின், கேள்வி கலையவில்லை.

அன்புக்குரிய பழைய படங்களைப் பற்றி நம்மிடையே இருவகைப் போக்குகள் நிலவுகின்றன. ஒன்று, அவற்றைக் கோயில் மூர்த்திகளாக்கித் தீபாராதனை காட்டுவது. மற்றது, நாடகத்தனமானவை, நீண்ட வசனங்கள் நிறைந்தவை என்று இரண்டு சொற்களில் ஒதுக்கிவிடுவது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவை உண்மையில் ஒரே சோம்பலின் இரு முகங்களே. வழிபடுவோனும் சிந்திப்பதில்லை, இகழ்வோனும் சிந்திப்பதில்லை. விமரிசனத்தின் கடமை இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது. ஒரு படம் தன் காலத்தில் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கத் தவறியது, இன்று நம்மோடு எதைப் பேசுகிறது என்னும் வினாக்களைத் தனித்தனியே எழுப்பி விடை காணவேண்டும். ‘பராசக்தி’யை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம், தமிழ் பேசும் மக்களிடையே அதனைப்போல் மனப்பாடம் செய்யப்பட்ட படங்கள் மிகச் சிலவே என்பதுதான்.

1952 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் தீபாவளியன்று அப்படம் வெளிவந்தது. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகமொன்றைத் தழுவி மு. கருணாநிதி திரைக்கதை வசனம் எழுதினார்; கிருஷ்ணன் – பஞ்சு இருவரும் இயக்கினர்; சிவாஜி கணேசன் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றி அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது. வசனங்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அவற்றைக் கேட்டுப் பழகிய மாணவர் தமிழகத்தில் மாத்திரமன்றி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் கலைவிழா மேடைகளிலே குணசேகரன்களாக நின்றனர். தமிழைத் தலைநிமிர்ந்து பேசலாம் என்ற துணிவை ஒரு தலைமுறை அங்கிருந்தும் பெற்றது. இதனை மறுப்பவர் வரலாற்றை மறுப்பவராவர்.

அந்தப் புகழுக்கு வசனம் மாத்திரந்தான் காரணமா? அன்று. புராணக் கதைகளும் இராசா இராணிக் கதைகளும் மலிந்திருந்த திரையிலே, இரங்கூனில் குண்டு விழுந்ததையும், இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பியதையும், அவர்களுள் ஒருவன் காலிழந்து பிச்சைக்காரர்களோடு சேர்ந்ததையும் அப்படம் கொண்டுவந்து நிறுத்தியது. கடல் கடந்து பொருள் தேடச் சென்ற தமிழன் வெறுங்கையோடு தாய்நாட்டில் இறங்கி நடைபாதையிற் கிடக்கும் காட்சி அக்காலத்துத் தமிழ்த் திரைக்குப் புதிது. இலங்கையில் அதனைப் பார்த்தோருக்கு அக்காட்சி வேறொரு பொருளையும் உணர்த்தியிருக்கும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளர் நாடற்றோராக்கப்பட்டனர். மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. படம் வெளிவந்த அதே 1952 இல் அவர்களின் தலைவர்கள் கொழும்பிலே சத்தியாக்கிரகம் இருந்தனர். உழைக்கச் சென்ற நாடும் பிறந்த நாடும் கைவிட்ட மனிதனின் கதை அவர்களுக்கு வெறும் கதையாக இருந்திருக்க முடியாது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னரே அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறோம்.

கதையை நினைவுகூர்வோம். மூன்று சகோதரர் இரங்கூனில் வாழ்கின்றனர். ஒரே தங்கை கல்யாணி மதுரையில். அவளுடைய திருமணத்துக்கு வரும் குணசேகரன் சென்னையிற் பொருளைப் பறிகொடுக்கிறான். கல்யாணி கணவனையும் தந்தையையும் இழந்து, கைக்குழந்தையோடு இட்டிலி விற்றுப் பிழைக்கிறாள். செல்வர் முதற் பூசாரி வரை அவளைத் துரத்துகின்றனர். கடைசியிற் குழந்தையை ஆற்றில் எறிந்து தானும் சாக முனைந்து, கொலைக் குற்றவாளியாக நீதிமன்றத்தில் நிற்கிறாள். தீர்ப்புக் கூற வேண்டிய நீதிபதி மூத்த சகோதரன் சந்திரசேகரன். நிற்பவள் தன் தங்கை என்றறிந்த கணத்தில் அவன் மயங்கி விழுகிறான்.

பூசாரியைத் தாக்கியதற்காகக் குணசேகரனும் கூண்டேறுகிறான். தான் வெகுண்டது தன் தங்கைக்காக மாத்திரமன்று, சமயத்தின் பெயரால் நடக்கும் கயமையை ஒழிப்பதற்காகவே என்பது அவனுடைய வாதத்தின் சாரம். உறவின் பேரால் எழும் கோபத்தைக் காட்டிலும் சமூகத்தின் பேரால் எழும் கோபம் உயர்ந்தது என்கிறது அவனது பேச்சு. ஆனால், படத்தின் கதை என்ன சொல்கிறது? நீதிபதியின் நெஞ்சை அசைத்தது அநீதியன்று, உறவு. அதே கூண்டில் அதே குற்றத்துக்காக வேறொரு தாய் நின்றிருந்தால் அவன் மயங்கியிருக்க மாட்டான்; சட்டப் புத்தகத்தைப் புரட்டியிருப்பான். குழந்தையும் ஆற்றில் விழவில்லை. தற்செயலாகச் சென்ற படகொன்றில், அதுவும் நாயகனை விரும்பும் செல்வப் பெண்ணின் படகில் விழுந்து உயிர் தப்பிவிட்டது. கொலையே நிகழவில்லை, ஆகவே வழக்கும் இல்லை. பசியால் குழந்தையைக் கொல்லத் துணிந்த தாய் குற்றவாளியா, அவளை அந்நிலைக்குத் தள்ளிய சமுதாயம் குற்றவாளியா என்ற மாபெரும் வினாவை எழுப்பிய படம், விடை கூற வேண்டிய இடத்தில் வினாவையே மறைத்துவிடுகிறது.

இங்குதான் ‘பராசக்தி’யின் அடிப்படை முரண்பாடு உள்ளது. அதன் வசனம் முன்னே செல்கிறது. அதன் கதை பின்னே இழுக்கிறது. நாம் மனப்பாடம் செய்ததோ வசனத்தை. நம் உள்ளத்தில் ஊறியதோ கதை.

முடிவையும் நோக்குக. பிரிந்த குடும்பம் ஒன்று சேர்கிறது. காலிழந்த சகோதரனும் வந்து சேர்கிறான். அனாதைகளுக்கு ஓர் இல்லம் திறக்கப்படுகிறது. படம் முழுதும் நாம் கண்ட பிச்சைக்காரர் யாவரும் நல்ல குடும்பமொன்று தாழ்ந்து எழுவதற்குப் பின்னணியாக நின்றவர்களே. அக்குடும்பம் தன் இடத்துக்கு மீண்டுவிட்டது. அவர்களுக்குக் கிடைத்தது தருமம். ஏழையைப் பிறப்பிக்கும் அமைப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்போவதாகத் தொடங்கிய வழக்கு, செல்வர் நன்கொடை வழங்குவதோடு சமாதானமாக முடிந்துவிடுகிறது.

“அந்தக் காலத்துப் படத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?” என்று கேட்கப்படும். நியாயமான கேள்வியே. ஆகவே அந்தக் காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். கல்யாணி இளம் விதவை. சுயமரியாதை இயக்கம் 1929 இல் செங்கற்பட்டிற் கூட்டிய மாநாட்டிலேயே பெண்களுக்குச் சமமான சொத்துரிமை கோரப்பட்டது. விதவை மறுமணம் ஆதரிக்கப்பட்டது. கற்பு என்ற பெயரால் பெண்ணுக்கு மாத்திரம் இடப்பட்ட விலங்கைப் பெரியார் ஈ. வெ. இராமசாமி தம் எழுத்துகளில் உடைத்தெறிந்ததும் படம் வருவதற்கு முன்னரே. அவ்வியக்கத்தின் வழிவந்ததே இப்படம். இருந்தும், கல்யாணியின் மறுவாழ்வு என்ற பேச்சே அதில் எழவில்லை. திருமணம் குணசேகரனுக்கு நடக்கிறது. கல்யாணியோ தங்கையாகவும் தாயாகவும் மாத்திரம் எஞ்சுகிறாள். அவள் நம் இரக்கத்துக்குரியவளாக இருப்பதற்கு, துரத்தப்பட்டும் தீண்டப்படாதவளாக இருக்கவேண்டும் என்பது படம் வெளியே சொல்லாத நிபந்தனை. கோயிலுக்குள் ஒளிந்த கயமையைச் சாடத் துணிந்தவர்கள் வீட்டுக்குள் இருந்த கற்புக் கோட்பாட்டைத் தொடத் துணியவில்லை. எனவே இதனைக் காலத்தின் குறை என்று கூறித் தப்புவது பொருந்தாது. அது படத்தின் குறை.

ஒப்புநோக்குக்கு இன்னொரு படத்தைக் குறிப்பிடுவோம். 1939 இல், ‘பராசக்தி’க்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், கல்கியின் கதையைக் கே. சுப்பிரமணியம் ‘தியாக பூமி’யாக எடுத்தார். அதனை ஆங்கில அரசு தடைசெய்தது. கொடுமைப்படுத்திக் கைவிட்ட கணவன், அவள் செல்வம் பெற்ற பின்னர் உரிமை கோரி வழக்காடும்போது, சாவித்திரி அவனோடு வாழ மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்குத் தான் சீவனாம்சம் தருவதாகக் கூறுகிறாள். அங்கே வசனம் முழங்கவில்லை. கலைவிழாக்களில் எவரும் அதனைப் பேசிக் காட்டியதாகத் தெரியவில்லை. ஆயினும், கதையே ஒரு வாதமாக நிற்கிறது. அப்படத்துக்கும் குறையுண்டு. அத்தையின் சொத்து கைக்கு வந்த பின்னரே சாவித்திரிக்கு அந்தத் துணிவு வருகிறது. சொத்தில்லாத சாவித்திரிகளின் கதி என்ன என்று அப்படம் கேட்பதில்லை. என்றாலும், ஒரு பெண்ணின் மறுப்பைத் திருப்புமுனையாக வைக்க 1939 இலேயே தமிழ்த் திரைக்கு முடிந்தது என்பதை அது நிறுவுகிறது. முடியாத காலம் என்று ஒரு காலம் இருக்கவில்லை.

அப்படியாயின் ‘பராசக்தி’ தன் புகழுக்குத் தகுதியற்றதா? இல்லை. புகழ் என்பது ஒரே முத்திரையன்று. அதைப் பகுத்துப் பார்க்கவேண்டும். தமிழ் உரைநடையைத் திரையில் ஆயுதமாக்கிய படம் என்ற புகழ் அதற்குரியது. அதனை எவரும் பறிக்க முடியாது. அகதியையும் பிச்சைக்காரனையும் திரையின் நடுவே நிறுத்திய படம் என்ற புகழும் அதற்குரியது. ஆனால், புரட்சிப் படம் என்று நாம் அளித்த புகழை மீளப்பெற வேண்டியிருக்கிறது. அது சீர்திருத்தப் படம். அதுவும் பாதி வழியில் நின்றுவிட்ட சீர்திருத்தப் படம்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். பயன் உண்டு. எதைக் கொண்டாடுகிறோமோ அதைப் போன்றதையே மேலும் கேட்கிறோம். வசனம் முழங்கினாற் போதும், உறவு கூடினாற் போதும் என்று பழகிய இரசனை, முழங்காத உண்மையை அடையாளங் காணத் தவறிவிடுகிறது. நம் நாட்டு அனுபவமே இதற்குச் சான்று. 1977 இல் சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு, யாழ்ப்பாணத்தைக் களமாக வைத்து ‘பொன்மணி’யை உருவாக்கினார். சாதியும் சீதனமும் ஒரு குடும்பத்துப் பெண்களின் வாழ்வை எவ்வாறு நெரிக்கின்றன என்பதை உரத்துப் பேசாமலே காட்டிய படம் அது. நம் முற்றத்தையும் வேலியையும் நம் பேச்சையும் திரையில் கண்டோம். இருந்தும், தென்னிந்தியப் படங்களுக்குத் திரண்ட கூட்டம் அதற்குத் திரளவில்லை. இன்று அதனை ஆய்வாளர் போற்றுகின்றனர். அன்று நாம் கைவிட்டோம். திரையரங்கில் அதற்குக் கூட்டம் சேராமைக்கு வணிகக் காரணங்கள் பல கூறலாம். நம் இரசனையின் பொறுப்பையும் அக்கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஆகவே ‘பராசக்தி’யை மாணாக்கருக்குக் காட்டாதிருக்க வேண்டாம். காட்டுவோம். நீதிமன்றக் காட்சியில் அவர்கள் சிரித்தாற் சினவாதிருப்போம். அந்தக் காலத்தில் அவ்வார்த்தைகள் எவரை அஞ்சவைத்தன என்பதை எடுத்துச் சொல்வோம். பின்னர், படகில் விழுந்த குழந்தையைப் பற்றியும், மயங்கி விழுந்த நீதிபதியைப் பற்றியும், மறுவாழ்வு பெறாத கல்யாணியைப் பற்றியும் அவர்களையே பேசவிடுவோம். அடுத்த கிழமை அதே மண்டபத்தில் ‘பொன்மணி’யைத் திரையிடுவோம்.

அன்று அந்த மாணவியின் கேள்விக்கு விடை கூறாமற் கலைந்தோருள் நாமும் அடக்கம். கல்யாணி நீதிபதியின் தங்கையாக இல்லாதிருந்தால் அவளைச் சிறைக்கு அனுப்பியிருப்பார்கள். நாமும் அடுத்த பாட்டுக்காகக் காத்திருந்திருப்போம். அவளுக்கு அன்றே நாம் கூறியிருக்கவேண்டிய விடை இதுதான்.