சசமேயுகி (நாவல்)

சசமேயுகி, ஜப்பானிய எழுத்தாளர் ஜூனிச்சிரோ தனிசாகி (1886–1965) எழுதிய நாவல். தலைப்புக்கு மெல்லிய பனித்தூவல் என்று பொருள். எட்வர்ட் சைடன்ஸ்டிக்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'மகியோகா சகோதரிகள்' என்ற பெயரில் 1957-ல் வெளிவந்தது. நொடித்துப்போன ஓசாகா வணிகக் குடும்பத்துப் பெண்கள் நால்வரின் வாழ்க்கையை 1936 இலையுதிர்காலம் முதல் 1941 வசந்தகாலம் வரை இந்நாவல் சொல்கிறது.

பின்னணியும் பதிப்பும்

தனிசாகி டோக்கியோவில் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். 1923-ன் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் ஓசாகா, கோபே, கியோட்டோ நகரங்கள் அடங்கிய கான்சாய் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1935-ல் அவர் மணந்த மட்சுகோ, ஓசாகாவின் மொரிடா குடும்பத்துச் சகோதரிகள் நால்வரில் ஒருவர். நாவலின் சகோதரிகளுக்கு அவர்களே முன்மாதிரி.

1943-ல் 'சூவோ கோரோன்' இதழில் தொடராக வரத்தொடங்கிய நாவல், போர்க்காலத்துக்கு ஒவ்வாதது என்று ராணுவத் தரப்பு எதிர்த்ததால் இரண்டு பகுதிகளுடன் நின்றது. தனிசாகி எழுதுவதை நிறுத்தவில்லை. முதல் பாகத்தை 1944-ல் சொந்தச் செலவில் அச்சிட்டு நண்பர்களுக்கு அளித்தார். முழு நாவலும் போருக்குப் பிறகே, 1946–1948 ஆண்டுகளில் வெளிவந்தது.

கதைச்சுருக்கம்

ஆண் வாரிசு இல்லாத மகியோகா குடும்பத்தில் மூத்தவள் சுருகோவின் கணவர் சுவீகார மகனாக வந்து குடும்பப் பெயரை ஏற்கிறார். அவர் கடையை நடத்தாமல் கைமாற்றிவிட்டு வங்கி வேலையிலேயே இருந்துவிடுகிறார். பின்னர் மாற்றலாகி டோக்கியோ செல்கிறார். இரண்டாமவள் சச்சிகோ அஷியாவில் கணவர் தெய்னோசுகேவுடன் வாழ்கிறாள். மணமாகாத தங்கைகள் யுகிகோ, தயேகோ இருவரும் பெரும்பாலும் அவள் வீட்டிலேயே இருக்கிறார்கள். யுகிகோவுக்கு வரும் வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போகின்றன. அக்காவுக்கு முடியாமல் தங்கைக்கு மணம் இல்லை என்பது குடும்ப வழக்கம். தயேகோ காத்திருக்கவில்லை. கதை இவ்விரண்டுக்கும் நடுவே நகர்கிறது.

கிமோனோவும் குடும்பமும்

நாவல் ஓர் ஒப்பனை அறையில் தொடங்குகிறது. சகோதரிகள் இசைக் கச்சேரிக்குப் புறப்படுகிறார்கள். சச்சிகோவின் இடுப்பில் கட்டிய ஓபி என்னும் பட்டுக்கச்சை அவள் மூச்சுவிடும்போதெல்லாம் கிறீச்சிடுகிறது. அவிழ்த்து வேறொன்று கட்டுகிறார்கள், அதுவும் கிறீச்சிடுகிறது. இந்தச் சிரிப்புக்கு நடுவேதான் யுகிகோவுக்கு வந்த புதிய வரன் பற்றிய பேச்சும் நடக்கிறது. முறையாக ஓபி கட்டிக்கொள்ள இன்னொருவர் கை உதவும். அந்தக் கை உதவியில்தான் சகோதரிகளின் நெருக்கம் இருக்கிறது என்பதைத் தனிசாகி விளக்காமலேயே காட்டிவிடுகிறார்.

உடை ஒவ்வொருத்தியின் இடத்தையும் சொல்கிறது. யுகிகோ எப்போதும் கிமோனோவில் இருப்பவள். வயது ஏறியும் இளம்பெண்களுக்குரிய வண்ணங்கள் அவளுக்குப் பொருந்துகின்றன. அது அழகு மட்டுமல்ல, நின்றுபோன காலமும்தான். தயேகோ மேலைநாட்டு உடையை விரும்புகிறாள், பொம்மை செய்து சம்பாதிக்கிறாள், தையல் கற்றுத் தொழில் செய்ய நினைக்கிறாள். பெரிய வீட்டார் அதை ஏற்கவில்லை. துணி வாங்கிப் பழகிய குடும்பத்துப் பெண் கூலிக்குத் துணி தைப்பது அவர்களுக்கு மானக்கேடு.

ஆண்டுதோறும் வசந்தத்தில் கிமோனோ அணிந்து கியோட்டோவின் ஹேயான் ஆலயத்துக்குச் செர்ரி மலர் காணச் செல்வது குடும்ப வழக்கம். மலர்கள் அப்படியே பூக்கின்றன, உடன் வருபவர்கள் மாறுகிறார்கள். 1940 ஜூலை 7-ல் ஆடம்பரப் பொருள்களின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை வருகிறது. யுகிகோவுக்கு ஒருவழியாக மணம் கூடும்போது புதிய மணக் கிமோனோ சாயமிட வழியில்லை. இருப்பதைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வீட்டுக்குள் போர் நுழையும் வாசல்களில் துணி அலமாரியும் ஒன்று.

மதிப்பீடு

போரின் நடுவே பட்டையும் மலரையும் எழுதியது தப்பித்தல் என்று இந்நாவலைக் குறைசொல்வதுண்டு. அது முழு உண்மை அல்ல. எல்லோரும் ஒரே குரலில் பேசவேண்டியிருந்த காலத்தில், ஒரு வீட்டின் சில்லறைக் கவலைகளை இத்தனை பொறுமையாக எழுதுவதே ஒரு மறுப்பு. தணிக்கையாளர்களுக்கு அது புரிந்திருந்தது.

நாவலின் உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. 1938 ஜூலை பெருவெள்ளத்தில் தயேகோவின் உயிரைக் காப்பாற்றுபவன் புகைப்படக்காரன் இதாகுரா. அவன் முன்பு ஒரு வணிகர் வீட்டில் கடைப்பையனாக இருந்தவன். சச்சிகோவுக்கு நன்றி உண்டு, ஆனால் அவனைத் தங்கை கணவனாக ஏற்க மனமில்லை. அவன் சாகக் கிடக்கையில் அவள் மனத்தில் ஒரு நிம்மதி தலைகாட்டுகிறது. ஆசிரியர் அதைக் கண்டிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. சச்சிகோ நல்லவள் என்பதால்தான் அந்த இடம் வாசகரைச் சுடுகிறது. ஆனால் இதாகுராவின் மனம் நமக்கு உள்ளிருந்து காட்டப்படுவதே இல்லை. பணிப்பெண் ஓஹாரு பக்கத்துக்குப் பக்கம் ஓடியாடுகிறாள், அவளும் எஜமானிகளின் கண்வழியாகவே தெரிகிறாள். மென்மையான இந்த உலகத்தைத் தாங்குபவர்களுக்கு நாவலில் இடம் குறைவு.

இறுதிப் பகுதி இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. யுகிகோவின் மணச்சீர் அறையை நிறைத்திருக்க, குழந்தையை இழந்த தயேகோ வந்து தன் பொருள்களில் சிலவற்றை ஒரு துணி மூட்டையில் கட்டிக்கொண்டு போகிறாள். யுகிகோ தன் மண உடைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். வழக்கத்தை மீறியவளும் காத்தவளும் வீட்டைவிட்டு ஒரே பருவத்தில் வெளியேறுகிறார்கள். இருவரில் எவரும் வென்றதாக நாவல் சொல்லவில்லை.

இலக்கிய இடம்

சசமேயுகி இருபதாம் நூற்றாண்டு ஜப்பானிய நாவல்களில் முதன்மையானவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1983-ல் கோன் இச்சிகாவா இதைத் திரைப்படமாக எடுத்தார். பெரிய நிகழ்ச்சிகளைத் தேடும் வாசகருக்கு இது மெதுவாகத் தோன்றலாம். ஒரு குடும்பம் எப்படிக் கரைகிறது என்பதை அன்றாடத்தின் வழியே அறிய விரும்புபவருக்கு இது தவிர்க்கமுடியாத நாவல்.