அஸ்காவின் நிறம்

மொத்தக் கடையில் சர்க்கரை வாங்குகிறவர், மூட்டையிலிருந்து ஒரு கை எடுத்து வெளிச்சத்தில் பரப்பிப் பார்ப்பார். மணி ஒரே சீராக, பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் சரக்கு தேறியது. நாட்டின் தர முறையும் ஏறக்குறைய இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. கான்பூரின் தேசிய சர்க்கரை நிறுவனம் ஆலைகளுக்கு மாதிரிக் குப்பிகள் தருகிறது. எல், எம், எஸ் என்பது மணியின் பருமன். 30, 31 என்பது நிறம். கருவி வேண்டாம், படிப்பு வேண்டாம், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும். வீட்டுக் காபிக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். (நம்மூரில் வெள்ளைச் சர்க்கரைக்கு வழங்கும் 'அஸ்கா'வும் அப்படி ஒரு நம்பிக்கையின் பெயர்தான். அன்று சென்னை மாகாணத்தில் இருந்து, இன்று ஒடிசாவில் இருக்கும் ஊர் அது.)

சிக்கல், அந்த வெண்மை எப்படி வந்தது என்பதில். நம் ஆலைகளில் பெரும்பாலானவை கரும்புச் சாற்றில் சுண்ணாம்புப் பாலையும் கந்தகம் எரித்த வாயுவையும் செலுத்துகின்றன. அழுக்கு படிகிறது, கூடவே நிறமும் வெளுக்கிறது. வெளுத்தது முழுக்க நீங்கியதாகாது. கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் லேசாக மஞ்சள் தட்டும். சுத்திகரிப்பு ஆலையிலோ கச்சாச் சர்க்கரையைத் திரும்பக் கரைத்து, வடிகட்டி, நிறப்பொருளைப் பிரித்தே எடுத்துவிடுகிறார்கள். ஐகம்சா என்ற சர்வதேச நிற அளவில் (எண் குறையக் குறைய வெண்மை கூடும்) அது 45க்குள் நிற்கும். கந்தகச் சர்க்கரை பெரும்பாலும் 100ஐத் தாண்டும்.

அதற்காகக் கந்தகச் சர்க்கரையை மட்டம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஜாங்கிரிக்குப் பாகு கொதிக்கும்போது சரக்கு மாஸ்டர் ஒரு கரண்டி பால் விடுவார். பால் திரிந்து, அழுக்கையெல்லாம் பிடித்துக்கொண்டு சாம்பல் நுரையாக மேலே வரும். கரண்டியால் வழித்து எறிவார். ஆலை விட்ட வேலையை அடுப்படி முடித்துவிடுகிறது. கந்தக வாயுவிலும் ஒரு பகுதி கொதியிலேயே போய்விடும். பிறகு சில சொட்டு எலுமிச்சைச் சாறு. சர்க்கரையில் கொஞ்சம் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிய, பாகு பூக்காமல் நிற்கும். இவருக்குச் சுத்திகரித்த சர்க்கரை வீண் செலவு. பிஸ்கட்காரருக்கும் நிறம் பொருட்டல்ல. மணிதான் பொருட்டு: பொடி மணி சீக்கிரம் கரைந்து பிஸ்கட்டை அகலப் பரப்பும், பெருமணி கரையாமல் பல்லில் கடிபடும்.

குளிர்பானக்காரருக்கு நுரை வழிக்க வழியில்லை. கண்ணுக்குத் தெளிவாகக் கரைந்த சர்க்கரையில் ஒட்டியிருந்த கரும்பின் பசைப்பொருள், புளிப்பான பானத்தில் சில நாள் கழித்துத் திரண்டு மிதக்கும். மூடிய டப்பாவில் மிஞ்சிய கந்தகம் உலோகத்தோடு வினைபுரிந்து அழுகிய முட்டை நாற்றம் தரலாம். சர்வதேச உணவுத் தர விதிகள் வெள்ளைச் சர்க்கரைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடும், நம் கந்தகச் சர்க்கரை போன்ற 'ஆலை வெள்ளை'க்கு 70 மில்லிகிராமும் அனுமதிப்பது இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டுதான்.

மாதிரிக் குப்பியில் இது எதுவும் தெரியாது. பெரிய கம்பெனி ஆய்வகச் சீட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சந்துக்குள் பன்னீர் சோடா போடுகிறவர் கையில் பரப்பிப் பார்த்துத்தான் எஸ்-30 மூட்டையை எடுக்கிறார். பத்து நாள் கழித்து, பாட்டிலில் பஞ்சு மாதிரி ஏதோ மிதக்கிறதென்று கடைக்காரர் திருப்பி அனுப்பினால், அவர் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான்.