காமாக்கதிர் வரைபும் களிப்பாறையும்: ஒரு திறனாய்வு

படிவுப் பாறைகளின் அடுக்குகளை ஒரு சுவடியின் ஏடுகளுக்கு ஒப்பிடலாம். ஏடு ஒன்றேயாயினும் உரை பலவாதல் போல, பாறை ஒன்றேயாயினும் அதற்குக் கொள்ளப்படும் பொருள் பலவாகலாம். ஆழ்துளைகளில் இயற்கைக் காமாக்கதிரை அளந்து படிவுகளின் இயல்பை உணரும் முறைக்குத் தொடக்கப் பாடநூல்கள் தரும் உரை எத்துணை ஏற்புடைத்து என்பதை, நம் திருகோணமலை மாவட்டத்து மணலையே சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அம்முறை யாதெனக் காண்பாம். பாறைகளிலிருந்து இயல்பாக எழும் காமாக்கதிருக்குக் காரணமாவன மூன்று: பொற்றாசியம்-40, தோரியத் தொடர், யுரேனியத் தொடர். களிக்கனிமங்கள் பல பொற்றாசியத்தைத் தம் அமைப்பிற் கொண்டிருப்பதோடு தோரியத்தையும் பற்றி வைத்திருப்பன. ஆதலின் களிப்பாறை பெரும்பாலும் மிகுந்த கதிர் வீசும். தூய மணற்கல்லும் சுண்ணக்கல்லும் குறைவாகவே வீசும். உணர்கருவியைத் துளையின் அடிவரை இறக்கி மெல்ல மேலிழுக்க, ஆழந்தோறும் கதிரின் அளவு ஒரு வரைபாகப் பதிவாகின்றது. தூய அடுக்கின் அளவு 20 எனவும், களிப்பாறையின் அளவு 120 எனவும் கொள்வோமாயின், 95 காட்டும் அடுக்கிற் களியின் பங்கு 75 விழுக்காடு என நேர்விகிதக் கணக்காற் கூறுவர்.

இம்முறையின் சிறப்பை யாம் மறுப்போமல்லோம். இரும்புக் குழாய் இறக்கிய துளையிலும் இஃது இயலும். ஒரு துளையின் வரைபைத் தொலைவிலுள்ள பிறிதொன்றனோடு பொருத்திப் படிவுத் தொடர்ச்சியை அறியவும் இது துணைபுரியும். ஆயினும், ‘கதிர் மிகின் களி’ என்பதை விலக்கில்லாப் பொதுவிதியாகக் கற்ற மாணவன் புல்மோட்டை மணலை யாதென்பான்?

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது புல்மோட்டை. அங்குள்ள கரிய மணலை எடுத்துப் பிரித்தற்கென 1957ஆம் ஆண்டில் அரச கூட்டுத்தாபனமொன்று நிறுவப்பட்டது. அம்மணலிற் பெரும்பங்கு இல்மனைற்று; அடுத்து சேர்க்கன், உருத்தைல்; மிகச் சிறுபங்கு மொனசைற்று. உள்நாட்டுப் பழம்பாறைகளினின்றும் ஆறுகள் அரித்துக் கொணர்ந்தவற்றை வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள், சுளகிற் புடைப்பார் போலப் புடைத்து, இலேசானவற்றை நீக்கிப் பாரமானவற்றைக் கரையில் விட்டன. மொனசைற்று சிறுபங்கேயெனினும் தோரியம் நிறைந்தது. ஆதலின் கதிர் மிகும். களியோ அங்கில்லை. இத்தகைய மணல் புதையுண்டு கல்லாகி, பிற்காலத்தார் துளையில் அகப்படுமாயின், விதி அதனைக் களிப்பாறை என்றே கூறும். கொட்டியாரக் குடாவில் மகாவலி கொணர்ந்து படியவிடும் சேற்றிலும் கதிர் மிகலாம். அலை கொழித்த மணலும் அமைதிநீரிற் படிந்த சேறும் ஒருபெயர் பெறுமாயின், பழங்கடலின் வரலாறே தலைகீழாகிவிடும்.

கதிரைக் கண்டு பொருளைப் பிறழ உணர்தல் பேரறிஞர்க்கும் நேர்ந்ததே. பின்னாளிற் கலைத் திறனாய்வாளராய் உலகப் புகழெய்திய ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தபோது, 1904இற் கதிர்வீசும் கனிமமொன்றை யுரேனினைற்று எனக் குறித்தார். டன்சுதன் என்னும் இரசாயன அறிஞர் அதனைப் பகுத்து, தோரியமே மிக்கிருத்தலைக் கண்டு, தோரியனைற்று எனப் பெயரிட்டார். மொத்தக் கதிர் விடுத்த ஐயத்தைப் பகுப்பாய்வே தீர்த்தது.

பலபொருள் ஒருசொல்லுக்கு வினை, சார்பு, இனம், இடம் என்பவற்றாற் பொருள் துணிதல் நம் இலக்கண மரபு. வரைபுக்கும் அதுவே நெறி. கதிரின் ஆற்றலைப் பிரித்தளக்கும் கருவி, பொற்றாசியத்தை 1.46, யுரேனியத் தொடரை 1.76, தோரியத் தொடரை 2.61 மெகா இலத்திரன்வோற்று என்னும் இடங்களிற் காட்டும். தோரியம் மிக்குப் பொற்றாசியம் குன்றின் பாரக்கனிம மணலை ஐயுறலாம். பொற்றாசியம் மட்டும் மிகின் பெல்சுபார் மணலையோ மைக்கா மணலையோ எண்ணலாம். யுரேனியம் மிகின் உயிர்ப்பொருள் செறிந்த கருங்களியை நினைக்கலாம். அடர்த்தி அளவும் சான்றாகும். குவார்ட்சின் அடர்த்தி எண் 2.65, இல்மனைற்றினது ஏறத்தாழ 4.7. களி அத்துணைப் பாரமாதல் இல்லை.

இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. 2011ஆம் ஆண்டு மன்னார்க் கடலடியில் தோண்டிய டொராடோ, பரக்குடா என்னும் துளைகளில் இயற்கை வாயு காணப்பட்டது. கடலுக்கடியிலுள்ள பாறை முழுவதையும் கண்ணாற் காண்டல் அரிது. வரைபே பெரிதும் சான்றாகும். வாயு தங்கும் மணற்கல்லைக் களியெனத் தள்ளுவோமாயின், நாட்டின் செல்வத்தை நாமே மறைத்தவராவோம். நம் தீவின் பழம்பாறைகள் பெல்சுபார் மிக்கன. அவற்றினின்று பிறந்த மணல் கதிர்மிக்கதாதல் வியப்பன்று. ஆகவே பிறநாட்டுப் படிவுகளைக் கண்டு வகுத்த விதியை இந்நாட்டுப் பாறைக்கு ஏற்றுமுன், இவ்விடத்து மணலின் பிறப்பை அறிதல் கடனாகும்.

கருவி எண்ணைத் தரும். பொருள் காண்பது கற்றோர் பொறுப்பு. நம் மாணவர் வரைபைப் படிக்கத் தொடங்குமுன் ஒருமுறை புல்மோட்டைக் கரையில் நின்று அக்கரிய மணலைக் கையில் அள்ளிப் பார்ப்பாராக. அதன் பாரமே விதியின் எல்லையை அவர்க்கு உணர்த்தும்.