கடல் கடந்த சீனப் பஞ்சாங்கம்

ஒரு நூலின் தகுதியை அதன் பிழைகளை மட்டும் கொண்டு அளத்தல் முறையன்று. அந்நூல் யாருக்கு என்ன பணி செய்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். சீனர் பஞ்சாங்கத்தை மூடநம்பிக்கைச் சுவடி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

கண்டோனியர் இந்நூலைத் 'துங் சிங்' என்பர். இதன் பழம்பெயர் 'துங் சூ'. நூலைக் குறிக்கும் 'சூ' என்னும் ஒலியே அவர்தம் பேச்சில் தோற்பதையும் குறித்தலால், வெற்றி எனப் பொருள்படும் 'சிங்' என்னும் சொல்லை அவ்விடத்தில் அமைத்துக்கொண்டனர். பெயரிலேயே நிமித்தம் பார்த்த நூல் இது!

இந்நூல் ஞாயிற்றின் செலவை ஒட்டி ஆண்டினை 24 கூறுகளாகப் பகுக்கின்றது. உறைபனி இறங்குதல், பெரும்பனி, கடுங்குளிர் என்பன அவற்றுட் சில. வடசீன உழவனுக்கென வகுத்த இப்பெயர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிந்தா ஈயச் சுரங்கங்களுக்கு வந்த தொழிலாளிக்கு எவ்வகையிற் பயன்பட்டன? மலாயாவில் பனியுமில்லை, குளிருமில்லை. ஆயினும் அவன் அந்நூலைக் கைவிடவில்லை.

காரணம் தெளிவு. ஏப்ரல் 4 அல்லது 5ஆம் நாளை ஒட்டி, ஹொக்கியர் 'செங் பெங்' என்னும் முன்னோர் நாள் வருகின்றது. உடன்வந்து மாண்டவர்களின் கல்லறையை அவன் இங்குத் துப்புரவு செய்த அதே நாளில், ஊரில் உறவினர் மூதாதையர் கல்லறையைத் துப்புரவு செய்தனர். டிசம்பரில் நெடிய இரவு வரும் நாளில் இங்கு அவன் மாவுருண்டை உண்டான். அங்குத் தாயும் உண்டாள். கடல் பிரித்த குடும்பத்தை நாள் சேர்த்து வைத்தது. 1912இல் சீனக் குடியரசு மேனாட்டு நாட்காட்டியை ஏற்ற பின்னரும் பழைய கணக்கு மறையாமைக்கு இவ்வுறவும் ஒரு காரணம் எனலாம்.

நூலுள் கல்வியும் உண்டு. எழுத்து மீண்டு வாராத ஆயிர எழுத்துப் பாடமும், குடிப்பெயர் வரிசையும் அதில் இடம்பெற்றன. பிற்காலப் பதிப்புகளில் தந்தி எண்களும், ஆங்கிலச் சொற்களைச் சீன எழுத்தில் ஒலித்துக் காட்டும் பக்கங்களும் சேர்ந்தன.

இனிக் குறைக்கு வருவோம். பயணம், திருமணம், கடை திறத்தல், முடி வெட்டுதல் என ஒவ்வொன்றுக்கும் 'தக்கது', 'தகாதது' என்று நாள் வகுக்கும் நூல், காரணம் எதுவும் காட்டுவதில்லை. பதிப்புக்குப் பதிப்பு இவை மாறுவதும் உண்டு. ஆனால் 19 ஆண்டுகளில் 7 மிகைமாதங்களைச் சேர்த்து நிலவையும் ஞாயிற்றையும் இணைக்கும் கணக்கை வானமே மெய்ப்பிக்கும். கணக்கு வேறு, கற்பனை வேறு.

நம் பஞ்சாங்கத்தின் நிலையும் இதுவே. திதி கணக்கில் அடங்கும். இராகுகாலத்தின் தீமை எந்தக் கணக்கில் அடங்கும்? அயலார் நூலுக்கு ஒரு கோலும் நம் நூலுக்கு ஒரு கோலும் வைத்தளப்பது நடுவுநிலை ஆகாது. மாணவர்க்கு இதனைக் காட்டுதல் ஆசிரியர் கடன்.